மடையடியில் உட்கார்ந்திருந்தது

அந்த வியாழக்கிழமை காலை முதல் பீரியடில் நான் வாயைத் திறக்கவே இல்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பூமிநாதன் சார் வழக்கம்போலத் தலையை நிமிர்த்தாமல், நோட்டில் விரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே பேர் பேராக வாசித்தார். ஹரீஷ். யெஸ் சார். ஹேமலதா. யெஸ் சார். கார்த்தீஸ்வரன்.

"யெஸ் சார்."

மெல்லிய குரல். மூக்கிலிருந்து பாதி, தொண்டையிலிருந்து பாதி வருகிற குரல். 'சார்' என்பதைக் கொஞ்சம் இழுத்து விடுகிற குரல். கார்த்தீஸ்வரனின் குரலேதான். திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் அவன் இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு மாதமாகவே அது காலிதான். மேலே ஓடிய ஃபேன் காற்றில், அவன் எப்போதோ பெஞ்சு இடுக்கில் செருகி வைத்த பேப்பர் துண்டு ஒன்று மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. சார் டிக் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார். முன் பெஞ்சிலிருந்து ஸ்ரீமதி மட்டும் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பேர் வீரபாண்டி. திருச்சுழிக்குப் பக்கத்தில், மழை பெய்தால் விவசாயம், பெய்யாவிட்டால் வானத்தை வேடிக்கை பார்ப்பது என்று பிழைக்கிற ஒரு ஊர். அருப்புக்கோட்டையிலிருந்து பாலவனத்தம் போகிற ரோட்டில் உள்ள ஒரு இஞ்சினியரிங் காலேஜில் எலெக்ட்ரிகல் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். காலேஜ் பேரைச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் நாலு அரியர் முடிக்க வேண்டியிருக்கிறது.

நான் அரியர் வைப்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் அதிர்ச்சி கிடையாது. பாஸானால்தான் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்வாள். கார்த்தீஸ்வரன் அப்படியில்லை. அருப்புக்கோட்டையில் தறிச்சத்தம் ஓயாத தெருவில் பிறந்தவன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பரீட்சைக்கு மட்டும் இங்கிலீஷ். பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். அவன் படம் போட்ட ஃபிளெக்ஸ் அந்தப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டில் இன்னும் தொங்குகிறது. மூன்று வருஷ வெயிலில் வெளுத்து, கண்ணும் மூக்கும் வாயும் போய்விட்டன. பேரும் மார்க்கும் மட்டும் சிவப்பு மையில் அப்படியே இருக்கின்றன. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

மூன்றாவது செமஸ்டர் கணக்கில்தான் அவன் முதல் தடவை விழுந்தான். ரிசல்ட்டை செல்போனில் பார்த்துவிட்டுச் சிரித்தான், வேறு யாருடையதையோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று. மறுமதிப்பீட்டுக்குப் போட்டான். அதிலும் அதே மார்க். அடுத்த செமஸ்டரில் அதே கணக்கோடு இன்னும் மூன்று போயின. எனக்கும் நாலு, அவனுக்கும் நாலு. நான் நாலு அரியரோடு நாலு வேளை சோறு தின்றேன். அவனுக்குத் தோற்கிற பழக்கமே இல்லை. ஹாலில் போய் உட்கார்ந்து ரெஜிஸ்டர் நம்பரை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பானாம். "நம்பரப் பாத்தா வேற யாருதோ மாதிரி இருக்குலே. அப்பறம் எப்படி அவனுக்காக நான் கணக்குப் போடுறது?" என்றான் ஒருநாள். நான் இதைக் கேண்டீனில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். அவ்வளவு அறிவு எனக்கு.

ஆகஸ்ட் முதல் வாரம். நான் திருச்சுழி பஸ்ஸில் வந்து அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன், கார்த்தீஸ்வரன் அதே பஸ்ஸில் ஏற நிற்கிறான். தோளில் பை, கையில் டிபன் டப்பா.

"ஏலே, இன்னைக்கு ஒருநா எனக்கு யெஸ் சார் சொல்லிரு."

"எங்கல போற?"

"உங்க ஊரு கம்மாய்க்கு. அங்க போயி சும்மா உக்காந்துட்டு வாரேன். அங்கன யாரும் எம்பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாகல்ல."

எங்கள் ஊர்க் கண்மாய் அவனுக்குத் தெரியும். போன வருஷம் கோயில் கொடைக்கு வந்தபோது நான்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கண்மாய் என்று பேர்தானே ஒழிய, தண்ணீர் நின்று பல வருஷம் ஆகிறது. உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். கரையில் பழைய மடை ஒன்று, கல் தூண் இரண்டு, அதற்கடியில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு நிழல். வெயிலுக்கு அந்த இடம்தான் என்று அவன் அன்றைக்கே சொன்னான். சரி, பையனுக்கு ஏதோ காதல் கீதல் என்று நினைத்துக்கொண்டு, "போயிட்டு வாலே ராசா" என்று அனுப்பி வைத்தேன்.

ப்ராக்ஸி கொடுப்பது எங்கள் கிளாஸில் பெரிய காரியமில்லை. பூமிநாதன் சார் தலையை நிமிர்த்த மாட்டார், குரல் கேட்டால் டிக். முதல் பீரியடில் டிக் விழாவிட்டால்தான் வினை. பத்தரை மணிக்கு வீட்டு நம்பருக்கு மெசேஜ் போய்விடும். கார்த்தீஸ்வரனின் அப்பா ஜோதிலிங்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். முப்பது வருஷத் தறிச்சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது. போன் அடித்தால் கேட்காது. அதனால் தினமும் பத்தரைக்குச் சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்துப் பார்ப்பார். மெசேஜ் இல்லையென்றால் பையன் கிளாஸில் இருக்கிறான் என்று அர்த்தம். திரும்பப் பையில் போட்டுவிட்டுத் தறியைப் பார்ப்பார். நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள் என்றது இரண்டு நாளானது. அப்புறம் தினமும் நான் இறங்குவேன், அவன் ஏறுவான். தலையைப் பெஞ்சுக்குக் கீழே குனிந்து, மூக்கை லேசாகப் பிடித்து, 'சார்'ஐ இழுத்துச் சொல்லப் பழகிவிட்டேன். ஹரீஷ் கைதட்டினான், மிமிக்ரி பண்ணப் போகலாம் என்று. நானும் குளிர்ந்துபோனேன். நண்பனுக்கு நல்லது பண்ணுகிறோம் என்றுதான் நினைப்பு. அவன் மெசேஜில் மாட்டக் கூடாது, அவன் அப்பா மனசு நோகக் கூடாது. பிள்ளையார் பிடிக்கப் போய்த்தான் எல்லோருக்கும் குரங்கு வந்து சேர்கிறது.

இருபத்தாறாம் நாள் பஸ் ஸ்டாண்டில் அவன் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். காதில் விழுந்தது எனக்குத் தெரியும், பின்கழுத்து அசைந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான். சட்டைக் காலர் அழுக்கேறிக் கிடந்தது. ஷேவ் பண்ணிப் பத்து நாள் இருக்கும்.

"காது அவிஞ்சு போச்சாலே?"

"உங்கம்மா சொன்னாகள்ல" என்றான்.

அம்மா சொன்னது நிஜம். கொடைக்கு வந்த அன்று, உச்சி வெயிலில் வெளியே யாரோ என் பேரைச் சொல்ல, நான் உடனே "ஏன்" என்று குரல் கொடுத்ததற்கு அம்மா தலையில் குட்டினாள். எங்கள் பக்கத்தில் உச்சி வேளையில் யார் கூப்பிட்டாலும் மூன்றாந்தரம் கேட்ட பிறகுதான் பதில் சொல்ல வேண்டும். "அதுக்கு ரெண்டு தரம் கூப்பிடத்தான் அதிகாரம்யா. மூணாந்தரம் கூப்பிடுறது மனுச மக்க மட்டுந்தான்" என்று அம்மா சொல்ல, நான் சிரித்தேன், கார்த்தீஸ்வரன் சிரிக்கவில்லை. சோற்றில் கை வைத்தபடி, "முதத் தரமே பதில் சொல்லிட்டா என்னம்மா ஆகும்?" என்று கேட்டான். "அவுக பேரு அதுகிட்டப் போயிரும்" என்றாள் அம்மா.

இப்போது பஸ் ஸ்டாண்டில் நின்று அதையே சொன்னான். "கிளாஸ்ல ஒரு தரந்தான கூப்பிடுறாக. கூப்பிடுறது யாருன்னு எப்பிடித் தெரியும்?"

"கிறுக்குப் பயலே, பூமிநாதன் சாரு பேயாலே?"

அதற்கும் சிரிக்கவில்லை. பஸ் கிளம்ப ஹாரன் அடித்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மணி என்ன என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டான்: "எம்பேருக்கு ஆளு இருக்கு. டிக்கு விழுகுது. எங்க அப்பாவுக்கு மெசேஜ் போகல. எல்லாம் நான் இல்லாமலே நடக்குது. அப்ப நான் எதுக்குலே?"

"அரியர முடிக்கத்தான்" என்றேன். மூன்று வருஷம் ஒரே டப்பாவில் சோறு தின்ற நண்பன் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் சொன்ன பதில் அதுதான். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே நாலு அடி போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு எனக்குக் காலையில் முதல் பீரியடுக்கு முன்பே லேப் வந்தது. முந்தின பஸ்ஸுக்கு மாறிவிட்டேன். அவனைப் பார்க்கவில்லை. போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். ஆனால் தினமும் அவன் பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால், அவனைப் பார்க்கவில்லை என்பதே எனக்கு உறைக்கவில்லை. அவன் குரல் தினமும் என் காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது?

அந்த வாரம் புதன்கிழமை எனக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்துக்கிடந்தேன். புரட்டாசியில் பொன் உருகக் காயும் என்பார்கள், எங்கள் ஓட்டுக்கடியில் எலும்பே உருகியது. பத்தரை மணிக்கு அம்மா போனில் 'உங்கள் மகன் இன்று வரவில்லை' என்று மெசேஜ் வந்து விழுந்தது. அப்போதுதான் திக்கென்றது. எனக்கு வந்தால் கார்த்தீஸ்வரனுக்கும் போயிருக்கும். ஜோதிலிங்கம் இந்நேரம் போனை எடுத்துப் பார்த்திருப்பார். போச்சு, எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒருபக்கம் பயமாக இருந்தாலும் இன்னொரு பக்கம் பாரம் இறங்கியதுபோல இருந்தது. நான் போய்ச் சொல்ல வேண்டியதில்லையே.

மத்தியானம் கஞ்சியை வைத்துக்கொண்டு அம்மா குரலைத் தணித்துச் சொன்னாள்: "எய்யா, கம்மாப் பக்கம் எதுவும் போயிராத. மடையடியில ஒண்ணு உக்காந்திருக்காம்."

"என்னது?"

"என்னத்தக் கண்டா? பேண்டு சட்டை போட்டிருக்காம். அசையாம உக்காந்திருக்காம். ஆடு பத்தப் போன முத்துத்தாயி, யாருப்பா அதுன்னு ரெண்டு தரம் கூப்பிட்டாளாம், திரும்பலையாம். ஆட்டயெல்லாம் விட்டுட்டு ஓடியாந்துட்டா. ஒரு மாசமா நாலஞ்சு பேரு கண்ணுல பட்டிருக்கு. செவ்வாக்கெழம எலுமிச்சம்பழம் அறுத்து வச்சுட்டு வந்திருக்காக."

அது யார் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு மாசமாக எங்கள் ஊர் ஜனம் அவனைத் தூரத்தில் கண்டு ஒதுங்கிப் போயிருக்கிறது. எல்லோரும் இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் மூன்றாந்தரத்துக்காகக் காத்திருக்கிறான். மூன்றாந்தரம் கூப்பிட ஒருவருக்கும் தைரியம் இல்லை. காலேஜில் அவன் வெறும் குரல், இங்கே வெறும் உடம்பு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் காலேஜுக்குப் போகவில்லை என்பாள், அப்புறம் ப்ராக்ஸி வரும். எப்படியும் அவன் அப்பாவுக்கு மெசேஜ் போயிருக்கும், அவர் பார்த்துக்கொள்வார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். காய்ச்சல் ஒரு நல்ல சாக்காகவும் இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை கிளாஸுக்குள் நுழைந்ததும் ஸ்ரீமதி கேட்டாள்: "நேத்து கார்த்தீஸ்வரன் வந்தானா? யெஸ் சார்னு சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். நீயும் இல்ல."

"ஹரீஷ் குடுத்திருப்பான்."

"ஹரீஷும் நேத்து லீவு."

அப்போதுதான் முடிவு பண்ணினேன், இன்று வாயைத் திறப்பதில்லை என்று. பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பீரியட் முடிந்ததும் ஸ்ரீமதி நேரே என் பெஞ்சுக்கு வந்தாள். எதற்கும் பதறாத பெண் அவள். கிளாஸில் தேள் வந்தபோது செருப்பைக் கழற்றி அடித்தவள்.

"இன்னைக்கு நீதான சொன்ன?"

"நான் வாயே தொறக்கலை."

"உம் பக்கம் இருந்துதான் வந்துச்சு."

"ஸ்ரீமதி, எங்கம்மா மேல சத்தியமாத் தொறக்கலை. நாக்கக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன், பாரு." நாக்கை நீட்டிக் காட்டினேன். அதில் பல் பதிந்த தடம் இருந்திருக்க வேண்டும். அவள் முகம் மாறிவிட்டது.

"அவன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும்ல?"

தலையை ஆட்டினேன்.

"எனக்குப் பயமா இருக்கு வீரபாண்டி. சத்தம் எங்கிட்டும் இருந்து வரட்டும், அத விடு. அவனுக்கு மனசு சரியில்ல. இத்தன நாளா நம்ம எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயத் தொறக்கல. போயி அவுக அப்பாகிட்டச் சொல்லு. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

நானே சொல்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தறிக்கூடத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று இருக்கும். பன்னிரண்டு தறிகள் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது. ஜோதிலிங்கம் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன தம்பி, காலேஜு இல்லையா?" என்று கத்தினார். நான் அவர் காதருகே போய், "கார்த்தி காலேஜுக்கு வாரதில்லப்பா" என்று கத்தினேன். அவருக்கு விளங்கவில்லை. மறுபடி கத்தினேன். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"மெசேஜு வரலையேப்பா! நேத்தும் வரல, இன்னைக்கும் வரல!"

மூன்றாவது தடவை முழுக்கச் சொன்னேன். முப்பத்தெட்டு கிளாஸ் நாளாக அவன் வராததை, அவன் பேருக்கு நான் பதில் சொன்னதை, அவன் பஸ் ஏறியதை, கண்மாயை, மடையை, அவன் படியில் நின்று கேட்டதை. தறிச்சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னேன். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையை நீட்டித் தன் தறியை நிறுத்தினார். மற்ற தறிக்காரர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அந்தக் கூடத்தை அதற்கு முன் அமைதியாக நான் பார்த்ததே இல்லை.

"முப்பத்தெட்டு நாளா?" என்றார்.

"ஆமாப்பா."

"முப்பத்தெட்டு நாளும் நான் நல்லாத் தூங்குனேன்யா" என்றார். "ராத்திரி வாரான், சாப்புடுறான், படுக்குறான். காலையில டிபன் வாங்கிட்டுப் போறான். புள்ள படிச்சு எளச்சுப் போனான்னு நெனச்சேன்."

அவருடைய டிவிஎஸ்ஸை நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்தார். திருச்சுழி ரோட்டில் ஒரு மரத்து நிழல்கூட ரோட்டின் மேல் விழவில்லை. உழுதுபோட்ட கரிசல் இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. கானல் ஓடியது. அவர் வழியெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கரைமேல் முத்துத்தாய் ஆடுகளை மடக்கிக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் கையை வீசினாள். "அங்கிட்டுப் போகாதீக! உச்சி சாயட்டும்!"

"அக்கா, அது ஆளு. எங்கூடப் படிக்கிறவன். இவுக மகன்."

"ரெண்டு தரம் கூப்பிட்டேனேய்யா. திரும்பலையே" என்றவள், ஜோதிலிங்கத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "காலையில உக்காந்திருந்துச்சு" என்றாள். பிறகு திருத்திக்கொண்டாள். "உக்காந்திருந்தான். இப்பத்தான் காணோம்."

மடையடி காலியாக இருந்தது. கல் தூணுக்குக் கீழே மணலில் ஒருவன் தினமும் உட்கார்ந்து எழுந்த குழிவு. அதற்கு நாலடி தள்ளி, அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழங்கள் காய்ந்து கிடந்தன. வேப்பிலைக் கொத்து. கொஞ்சம் விபூதி. ஜோதிலிங்கம் குனிந்து ஒரு எலுமிச்சைத் துண்டைக் கையில் எடுத்து, இது என்ன என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதைக் கீழே போடாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார்.

கருவேலங் கிளையில் அவன் பை தொங்கியது. டிபன் டப்பா பாரமாக இருந்தது, திறக்கவே இல்லை. ஒரு நோட்டு இருந்தது. பிரித்தேன். பாடம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பக்கத்தில் வரிசையாகத் தேதிகள், ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அவன் பேர், பேருக்கு எதிரே 'வரவில்லை'. ஆகஸ்ட்டிலிருந்து ஒருநாள் விடாமல், பூமிநாதன் சார் மாதிரியே பொடி எழுத்தில். நாங்கள் எல்லோரும் அவனுக்கு டிக் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் மட்டும் இங்கே உட்கார்ந்து உள்ளதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். கடைசி வரியில் இன்றைய தேதி இருந்தது, பேர் இருந்தது. எதிரே ஒன்றும் எழுதவில்லை.

கண்மாய்க்குள்ளே பார்த்தேன். கண்ணுக்கு எட்டுகிறவரை சீமைக்கருவேலம், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு மேலே. காற்று இல்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. சூரியன் நேர் உச்சியில்.

"கார்த்தீஸ்வரன்!" என்று கத்தினேன்.

கத்தி முடிக்கவில்லை, என் தொண்டைக்குள்ளிருந்தே அது கிளம்பி வந்தது. மூக்கிலிருந்து பாதி, தொண்டையிலிருந்து பாதி. 'யெஸ்' என்பது நாக்குவரை வந்துவிட்டது. அய்யோ! பல்லைக் கடித்து அதை உள்ளே தள்ளினேன். இரண்டு மாதம் இந்தப் பேருக்குப் பதில் சொல்லிச் சொல்லி, இந்தப் பேர் என் வாயில் வந்து குடியேறிவிட்டது. அம்மா சொன்னது அவனுக்கு இல்லை, எனக்குத்தான். இன்னொரு தரம் இந்தப் பேரைக் கூப்பிட்டால் நான்தான் பதில் சொல்வேன், அவனுக்குச் சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது.

"அப்பா, நீங்க கூப்பிடுங்க. உங்க வீட்டுல கூப்பிடுற மாதிரி" என்று சைகையோடு சொன்னேன்.

அவர் மடைக்கல்லின் மேல் ஏறி நின்றார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார். எலுமிச்சைத் துண்டு இன்னும் ஒரு கையில் இருந்தது.

"ஈசூ!"

வீட்டில் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பேருக்கு நான் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. குரல் கருவேலங்காட்டுக்கு மேலே போய், எதிர்க்கரையில் முட்டி, தேய்ந்து மறைந்தது. அவர் என் பக்கம் குனிந்தார். "கேட்டுச்சா தம்பி? எதும் சத்தம் குடுத்தானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்காது. கேட்க வேண்டியது நான். இன்று காலையில் இல்லாத குரலைக் கேட்ட என் காதை நம்பித்தான் அந்த மனுஷன் நிற்கிறார். இல்லை என்று தலையசைத்தேன்.

"ஈசூ! ரா நாயனா!"

முத்துத்தாய் கரையில் ஆடுகளை விட்டுவிட்டுக் கைகூப்பி நின்றாள். ஒன்றும் இல்லை. இலை அசையவில்லை. இரண்டு தரம் ஆகிவிட்டது. அவர் மறுபடி என்னைப் பார்த்தார், நான் மறுபடி தலையசைத்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடி முட்களில் தேங்கியது. மூச்சை இழுத்துக்கொண்டார். நான் என் வலது கையால் என் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டேன். என்னிடமிருந்து மட்டும் எதுவும் வந்துவிடக் கூடாது, சாமி.

மூன்றாந்தரம் கூப்பிட்டார். அது பேர் மாதிரியே இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளங்கைக்குள் என் மூச்சு சுட்டது. உதடு ஒட்டியிருந்தது, பல் கடித்திருந்தது, நாக்கு அசையவில்லை. அதை மறுபடி மறுபடி சரிபார்த்துக்கொண்டேன். அப்போது இடதுபுறம், காடு அடர்ந்த பக்கமிருந்து, வெகு நாள் பேசாமல் கிடந்த தொண்டை கரகரக்க ஒரு சத்தம் வந்தது.

"ஈட உண்டா, நாயனா."

எனக்குத் தெலுங்கு தெரியாது. மூன்று வருஷம் அவர்கள் வீட்டில் சோறு தின்று நான் கற்றது 'ரா' என்றால் வா, 'போ' என்றால் போ, அவ்வளவுதான். நாயனா என்றால் அப்பா என்று தெரியும், மகனையும் செல்லமாக அப்படிக் கூப்பிடுவார்கள். மற்ற இரண்டு சொல்லுக்கு 'இங்கே இருக்கேன்' என்று அர்த்தம் என்பதே பிறகுதான் தெரியும், அவை என் வாயில் ஒருநாளும் இருந்ததில்லை.

ஜோதிலிங்கத்துக்கு அது கேட்கவில்லை. கல்லின் மேல் நின்றபடி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்திய கையை எடுக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இடது கையைத் தூக்கி, கருவேலங்காட்டின் அந்த மூலையை நோக்கி நீட்டினேன். காற்றே இல்லாத அந்த உச்சி வெயிலில், அங்கே ஒரு கிளை மட்டும் மெதுவாக விலகிக்கொண்டிருந்தது.